எறிவதா, இழுப்பதா? மஸ்கியும் பெரிய க்ராங்க்பெய்ட்டும்

பத்து அங்குல க்ராங்க்பெய்ட் ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இதை எறிந்து பிடிப்பதா, படகுக்குப் பின்னால் விட்டு இழுத்துப் பிடிப்பதா? ஒன்ராறியோவில் என்னோடு மீன்பிடிக்க வருகிற நம்மாட்கள் எல்லோரும் எப்போதாவது இதைக் கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மஸ்கியைத் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். பைக் மீனின் குடும்பத்தில் ஆகப் பெரியது இது. வட அமெரிக்காவுக்கு மட்டுமே சொந்தமான நன்னீர் வேட்டை மீன். வாத்தின் அலகுபோல் தட்டையான நீண்ட வாய், அது நிறையப் பற்கள், உடம்பின் பின்கோடியில் ஒதுங்கி நிற்கிற துடுப்புகள். நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வுவதற்கென்றே அமைந்த உடல். ஐம்பது அங்குலத்தைத் தாண்டிய மஸ்கியைப் பிடிப்பது இங்குள்ள தூண்டில்காரர்கள் பலருக்கு வாழ்நாள் கனவு. பத்தாயிரம் தடவை எறிந்தால் ஒன்று கிடைக்கும் என்று இந்த மீனைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பேச்சிலேயே எறிவதுதான் முறை என்ற எண்ணம் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள்.

க்ராங்க்பெய்ட் என்பது மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த மீன் உருவம். மஸ்கிக்கானது எட்டு முதல் பதின்மூன்று அங்குலம் வரை இருக்கும். வயிற்றிலும் வாலிலும் மூன்று முனை முள்கள் தொங்கும். முகத்தில் நாக்கை நீட்டியதுபோல் ஒரு தகடு. சூட்சுமம் முழுவதும் அந்தத் தகட்டில்தான். இழுக்கும்போது தண்ணீர் தகட்டில் மோதித் தலையைக் கீழே அமுக்குகிறது, உடம்பு இடமும் வலமுமாக ஆடுகிறது. இழுப்பை நிறுத்தினால் பெரும்பாலானவை மெல்ல மேலே மிதந்து வரும். இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். எறிவதா இழுப்பதா என்ற வழக்கு முழுவதும் இந்த இரண்டு குணங்களில் எதைப் பயன்படுத்தப்போகிறோம் என்பதில்தான் வந்து நிற்கிறது.

எறிவதை எடுத்துக்கொள்வோம். நல்ல எறி ஒன்று 30 மீட்டர் போகும் என்று வையுங்கள். சுற்றத் தொடங்கியதும் முதல் பத்து மீட்டரில் இரை இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசிப் பத்து மீட்டரில் நூல் தடியின் நுனியை நோக்கிச் சரிந்து ஏறுவதால் இரையும் ஏறத் தொடங்கிவிடுகிறது. நாம் நினைத்த ஆழத்தில் அது நீந்துவது நடுவில் உள்ள பத்து மீட்டர் மட்டும்தான். ஒரு மணித்தியாலத்தில் எண்பது தடவை எறிகிற வலு உங்கள் தோளுக்கு இருந்தாலும், சரியான ஆழத்தில் இரை ஓடியது மொத்தம் 800 மீட்டர். அதிலும் பாதிக்கு மேல் முந்தைய எறி போன தண்ணீரிலேயே திரும்பவும் போயிருக்கும்.

ட்ரோலிங்கில் கணக்கு வேறு. (இழுவைமடிப் படகுகளை நினைக்க வேண்டாம். இங்கே வலை கிடையாது. ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டில் நூல் மட்டும்.) மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் படகு போனால் ஒரு நூல் ஒரு மணித்தியாலத்தில் ஏழு கிலோமீட்டர் தண்ணீரைத் தேடிவிடுகிறது, அதுவும் முழுக்க முழுக்க நாம் வைத்த ஆழத்தில். மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் மூன்று நூல் போடலாம். இரண்டு பேர் போனால் ஆறு நூல், 42 கிலோமீட்டர்.

ஆழத்திலும் வித்தியாசம் உண்டு. பெரிய தகடு வைத்த இரையை எறிந்தால் பத்தடி அளவுக்கு இறக்குவதே பெரிய வேலை. அதே இரையைப் படகுக்குப் பின்னால் நீள நூலில் விட்டால் அதைவிட மிக ஆழத்துக்குத் தானாகவே இறங்கிவிடும். நூல் மெல்லியதாக இருந்தால் தண்ணீரின் தடை குறைந்து இன்னும் இறங்கும்.

பிறகு வேகம். கோடையில் தண்ணீர் சூடாக இருக்கும்போது மஸ்கி வேகமான இரையை விரட்டும். மணிக்கு ஐந்து மைல் என்பது வினாடிக்கு 2.2 மீட்டர். ஒரு சுற்றுக்கு 70 சென்ரிமீட்டர் நூல் எடுக்கிற ரீலில் அந்த வேகம் வர வேண்டுமானால், வினாடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும், அதுவும் தண்ணீரை வாரியடிக்கிற தகட்டோடு. ஓரிரு எறிகளுக்கு முடியலாம். நாள் முழுக்க மனிதக் கையால் முடியாது.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, அப்படியானால் ட்ரோலிங்தானே என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மீன் ஏரி முழுக்கப் பரவி நிற்கிறது, இரையைக் கண்டதும் கடிக்கிறது என்ற இரண்டு அனுமானங்கள் அதற்குள் இருக்கின்றன. அவை இரண்டும் ஏறக்குறைய உண்மையாகிற இடம் ஒன்று இருக்கிறது.

அதுதான் செயின்ட் கிளேர் ஏரி. ஹூரோன் ஏரிக்கும் ஈரீ ஏரிக்கும் நடுவே, ஒரு பகுதி ஒன்ராறியோவிலும் மறுபகுதி மிச்சிகனிலுமாகக் கிடக்கிறது. பரப்பளவு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழமோ 11 அடி மட்டும். கப்பல் போவதற்காகத் தோண்டிய கால்வாயை விட்டால் 21 அடிக்கு மேல் எங்கும் கிடையாது. வடகிழக்கில் வால்போல் தீவுப் பக்கம் செயின்ட் கிளேர் ஆறு பெரிய கழிமுகமாக விரிந்து ஏரிக்குள் வருகிறது. அதைத் தாண்டினால் சமதரை. பாறைமுனை இல்லை, தீவு இல்லை, சோனார் திரையில் மணிக்கணக்காக ஒரே கோடு. மஸ்கியோ அங்கே ஏராளம். சிறுமீன் கூட்டங்களைத் தொடர்ந்து நடுத்தண்ணீரில் அலைகிறது. எந்த இடத்தைக் குறிவைத்து எறிவது? தேடத்தான் வேண்டும், தேடுவதற்கு ட்ரோலிங்கை மிஞ்ச எதுவும் இல்லை.

அந்த ஏரியில் ட்ரோலிங்கை ஒரு கலையாக்கியவர் ஹோமர் லெபிளாங்க் என்ற படகோட்டி. மஸ்கி பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போவதைத் தொழிலாகச் செய்தவர். ஸ்விம் விஸ் என்ற இரை அவர் உருவாக்கியது, இன்றும் கடைகளில் கிடைக்கிறது. நூல் கட்ட அதில் இரண்டு வளையங்கள். ஒன்றில் கட்டினால் மேலோட்டமாக ஓடும், மற்றதில் கட்டினால் ஆழமாக இறங்கும். ஆனால் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இன்னொரு விஷயம்தான் எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம். எஞ்சினின் புரொப்பெல்லர் கலக்கிவிடுகிற நுரைத் தண்ணீருக்குள்ளேயே, படகிலிருந்து மூன்று நான்கு மீட்டர் பின்னால், கனமான ஈயம் கட்டி இரையை ஓடவிடுவது. எஞ்சின் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். செயின்ட் கிளேரில் கடிக்கிற மஸ்கிகளில் நல்ல பங்கு அந்த நுரைக்குள்தான் கடிக்கிறது. இன்றைக்கும் அங்குள்ள படகுகள் எதைவிட்டாலும் அந்தக் குட்டை நூல்களை விடுவதில்லை.

எங்களோடு வருகிற மயிலிட்டி அண்ணை ஒருவருக்கு ட்ரோலிங் என்றாலே பிடிக்காது. தடிகளை எல்லாம் தாங்கியில் செருகிவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறபோது கேட்பார்: “மீன் பிடிக்கிறது ஆர், நீரோ எஞ்சினோ?”

“அண்ணை, உங்கட அப்பா அறுக்குளாவுக்கு என்ன செய்தவர்?” என்று நான் திருப்பிக் கேட்டேன். ஓடுகிற வள்ளத்துக்குப் பின்னால் தூண்டில் கயிறு விட்டு இழுத்துத்தான் அவருடைய அப்பா அறுக்குளா பிடித்தவர் என்று எத்தனையோ தடவை அவரே சொல்லியிருக்கிறார்.

“அது வேற. கடல் வேற, குளம் வேற” என்றார்.

அவர் என்னை மடக்குவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் என் வாதமும் அதுதான். தண்ணீர் வேறானால் முறையும் வேறு. ஓடுகிற மீனை ஓடித்தான் தேட வேண்டும். செயின்ட் கிளேரின் நடுப்பகுதி, மஸ்கியைப் பொறுத்தவரை, கடலுக்குத்தான் கிட்ட.

ட்ரோலிங்கைச் சோம்பேறி வேலை என்று சொல்பவர்கள், நன்றாக ட்ரோல் செய்கிற ஒருவரின் பக்கத்தில் ஒரு பொழுது நின்று பார்க்க வேண்டும். அவர் கண் தடிகளின் நுனியை விட்டு அகலாது. க்ராங்க்பெய்ட் ஒழுங்காக ஓடினால் நுனி ஒரே சீராக அதிரும். ஒரு சின்னப் பாசி இலை முள்ளில் தொற்றினாலும் அந்த அதிர்வு மந்தமாகிவிடும். உடனே சுற்றியெடுத்துத் துப்புரவாக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நூல் வெறும் நூல். எந்த இரை எத்தனை அடி நூலில், எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பது மனதில் இருக்க வேண்டும். அலையோடு போகும்போது ஒரு வேகம், அலைக்கு எதிரே இன்னொரு வேகம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் திருப்பங்கள். படகை வளைக்கும்போது உள்பக்கத்து இரைகள் வேகம் குறைந்து மிதந்து ஏறும், வெளிப்பக்கத்து இரைகள் வேகம் கூடி இறங்கும். கடி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால், மீன் இன்றைக்கு எந்த வேகம் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். நேர்கோட்டில் போய்க்கொண்டே இருப்பவருக்கு அந்தப் பதில் கிடைக்காது. நல்ல படகோட்டி பாம்புபோல் நெளிந்துதான் போவார்.

ட்ரோலிங்மேல் ஏன் இந்த இளக்காரம் வந்தது என்றும் யோசித்திருக்கிறேன். விஸ்கொன்சினின் உள்நாட்டு ஏரிகள் பலவற்றில் எஞ்சினை ஓட்டி ட்ரோலிங் செய்வது நெடுங்காலம் தடையாக இருந்தது. அளவுக்கு மிஞ்சி மீன் போய்விடும் என்ற பயம் அதற்குள் இருந்தது. அதனால் அங்கே துடுப்புப் போட்டே மஸ்கிக்கு ட்ரோல் செய்கிற ஒரு மரபு வளர்ந்தது. கையால் துடுப்பு வலித்து, கால்மாட்டில் தடியைச் சாத்தி, கரையோரமாக மணிக்கணக்காகப் போவார்கள். அந்த மனிதர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொல்வார்களா?

ராப்பலா என்ற பொய்மீனின் கதையும் இதேதான். 1936இல் பின்லாந்தில் லௌரி ராப்பலா, தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் சீவி, சொக்லேட் சுற்றி வருகிற தாளை ஒட்டித் தன் முதல் பொய்மீனைச் செய்தார். அதைத் துடுப்புப் படகுக்குப் பின்னால் இழுத்துத்தான் பைஜான்னே ஏரியில் பிழைப்பு நடத்தினார். இன்று உலகம் முழுக்க எறிந்து பிடிக்கிற ஒரு இரை, பிறந்தபோது இழுப்பதற்காகவே பிறந்தது.

இனி எறிகிறவர்களின் பக்கம். இங்கே என் மனம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒளிக்கவில்லை.

லேக் ஆஃப் த வுட்ஸ் என்ற ஏரி ஒன்ராறியோ, மனிற்றோபா, மினசோட்டா மூன்றுக்கும் நடுவே கிடக்கிறது. அதற்குள் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். ஒவ்வொரு தீவுக்கும் முனைகள், குடாக்கள், தண்ணீருக்கு அடியில் முதுகு காட்டுகிற பாறைத்திட்டுகள். மஸ்கி அங்கே இடம் பிடித்து நிற்கும். இந்தப் பாறையின் நிழல், அந்தப் பாசித்திட்டின் விளிம்பு என்று சுட்டிக்காட்டலாம். ஆறு நூலோடு அதற்குள் படகை ஓட்டினால் அரை மணித்தியாலத்தில் எல்லாம் பாறையில் சிக்கிவிடும். மீன் நிற்கிற இடம் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அளவாக இருக்கும்போது கிலோமீட்டர் கணக்கால் என்ன பயன்? எண்ணூறு மீட்டர் என்று மேலே போட்டேனே, அந்த எண்ணூறு மீட்டரும் மீனின் முகத்துக்கு நேரே போகிறது.

இன்னொன்று, இரையை நிறுத்தலாம். என்னைக் கேட்டால் க்ராங்க்பெய்ட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தகடு முன்னே நீட்டியிருப்பதால் பாறையில் முதலில் முட்டுவது அதுதான், முள்கள் பின்னாலேயே தங்கிவிடும். முட்டியதும் சுற்றுவதை நிறுத்துங்கள். இரை தடுமாறி, சரிந்து, வால் முன்னே வர, மெல்லப் பின்னோக்கி ஏறும். பிறகு தடியால் ஒரு சுண்டு. பின்னாலேயே ஒரு மஸ்கி வந்துகொண்டிருந்தால், அதன் மூக்குக்கு நேரே இரை திடீரென்று நின்று மேலே எழும்புகிறது. தொடர்ந்து வந்த மீனுக்குக் கவ்வுவதா விலகுவதா என்ற கட்டாயம் அந்தக் கணத்தில் வந்துவிடுகிறது. சீரான வேகத்தில் ஓடுகிற இரை அந்தக் கட்டாயத்தை எப்போதாவதுதான் உண்டாக்கும். ட்ரோலிங்கில் திருப்பங்களில் கடி விழுவதும் இதே காரணத்தால்தான். அங்கே படகு வளைந்து செய்கிற வேலையை இங்கே மணிக்கட்டு செய்கிறது.

மஸ்கிக்குத் தொடர்ந்து வருகிற பழக்கம் அதிகம். கடிக்காமல் படகுவரை வந்து, இரையைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அதனால்தான் எறிபவர்கள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தடியின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, எட்டு வடிவத்தில் இரையை இழுப்பார்கள். பெரிய தகடு வைத்த இரையோடு இதைச் செய்வது தோளை முறிக்கிற வேலை. என்றாலும் விடக்கூடாது. முடிந்தவரை அகலமான வளைவு, வளைவில் கொஞ்சம் வேகம், வளைவு முடிந்ததும் சற்று மேலே. தடியில் ஒரு முழ நூல் மட்டும் இருக்க, ஒரு மஸ்கி படகின் பக்கவாட்டிலிருந்து எழுந்து கவ்வுவதைக் கண்ணால் கண்டவர்கள் ஏன் ட்ரோலிங் பக்கமே திரும்புவதில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆகவே, நான் முடிவெடுக்கிற முறை இதுதான். மீன் நிற்கிற இடத்தை வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் எறிவேன். முடியாவிட்டால் இழுப்பேன். ஜோர்ஜியன் குடா போன்ற இடங்களில் இரண்டும் ஒரே நாளில் வரும். பாறைத்திட்டின் தலையில் எறிதல், திட்டுக்கும் திட்டுக்கும் இடையே உள்ள ஆழத்தில் ட்ரோலிங். இலையுதிர்காலத்தின் கடைசியில் தண்ணீர் குளிர்ந்து, மஸ்கி கொழுத்த இரைமீன்களைத் தேடி ஆழத்துக்குப் போகும்போது, எறிகிற கை விறைத்துவிடும். அப்போது வேகத்தைக் குறைத்து மணிக்கு மூன்று மைல் அளவில் பெரிய இரையை இழுப்பதுதான் நடக்கிற காரியம்.

ஒன்ராறியோவின் சாதனை மஸ்கி ஜோர்ஜியன் குடாவிலிருந்து வந்ததுதான். 1988 ஒக்டோபர் 16ஆம் திகதி கென் ஓ’பிரையன் பிடித்தது, 65 இறாத்தல், 58 அங்குலம். ட்ரோலிங்கில், அதுவும் விரல் நீள ராப்பலா ஒன்றில். பெரிய மீனுக்குப் பெரிய இரை என்ற எங்கள் நம்பிக்கைக்கு அந்த மீன் கட்டுப்படவில்லை. ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் கிராஸ்மன் என்ற ஆய்வாளர், மஸ்கியின் செவுளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு எலும்பின் வளையங்களை எண்ணி வயது கணிக்கிற வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். அந்த மீனுக்கு வயது முப்பது.

ஒரு மீன் அந்த அளவுக்கு வளர முப்பது வருஷம் எடுக்கிறது என்றால், பிடித்ததை உயிரோடு திருப்பி விடுவது எறிபவருக்கும் இழுப்பவருக்கும் பொதுவான கடமை. 1966இல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்க். போன்ற சங்கங்கள் அந்தப் பழக்கத்தைப் பரப்பியதால்தான் இன்றைக்கு எங்களுக்குப் பிடிக்க மீன் இருக்கிறது. 2006 வசந்தத்தில் வைரஸ் நோய் ஒன்று செயின்ட் கிளேரில் நிறைய மஸ்கிகளைக் கொன்றதையும் மறக்கக்கூடாது. தண்ணீரின் வெப்பம் 27 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறிவிட்டால் நான் மஸ்கிக்குப் போவதில்லை, எந்த முறையிலும். சூட்டில் களைத்த மீன் நீந்திப் போவதுபோல் போய், பிறகு செத்துவிடும்.

ட்ரோலிங்கில் இதில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். மீன் மாட்டியதும் படகைச் சட்டென்று நிறுத்தினால் நூல் தொய்ந்து முள் கழன்றுவிடும். மெல்ல முன்னே ஓடவிட்டபடியே மற்ற நூல்களை எடுக்க வேண்டும். ஆனால் அந்த வேலை நீண்டால் மீன் வாயைத் திறந்தபடி தண்ணீரோடு இழுபட்டுக் களைக்கும். ஆறு நூல் போடுகிறவர்கள் அவற்றை விரைவாக எடுக்கப் பழகியிருக்க வேண்டும், பழகாதவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, என்ன வாங்குவது என்று கேட்பவர்களுக்கு. இரை வாங்குவதற்கு முன் ரப்பர் பூசிய பெரிய கைவலை ஒன்று, நீளமான இடுக்கி ஒன்று, முள்ளையே வெட்டக்கூடிய வெட்டி ஒன்று வாங்குங்கள். ஆழமாகத் தைத்த முள்ளைக் கழற்றப் போராடாமல் வெட்டிவிடுவதுதான் மீனுக்கு நல்லது. பிறகு எட்டரை அடி நீளமுள்ள கனமான தடி, 80 இறாத்தல் பின்னல் நூல், பல் அறுக்காத தடித்த லீடர். தொடக்கத்தில் இரண்டு முறைக்கும் இந்த ஒரு தடி போதும். இரைகளில் ஸ்விம் விஸ் அல்லது பிலீவர், ஏதாவது ஒன்று. பிலீவரிலும் நூல் கட்ட இரண்டு இடம் உண்டு என்பதால், ஒரே இரையைக் காலையில் ஆழமாக இழுக்கவும் மாலையில் பாசிக்கு மேலே எறியவும் முடியும்.

ஒன்ராறியோவின் பெரும்பாலான உள்நாட்டு ஏரிகளில் ஒருவருக்கு ஒரு நூல்தான் அனுமதி. நான் மேலே போட்ட 42 கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது. இரண்டு பேர் போனால் இரண்டு நூல், மணிக்கு 14 கிலோமீட்டர். அப்படிப் போகும்போது ஒன்றைப் புரொப்பெல்லர் நுரைக்குள் குட்டையாகவும் மற்றதைத் தூரத்தில் நீளமாகவும் விடுங்கள். கடி எதில் வருகிறது என்று பார்த்து மற்றதை மாற்றுங்கள். மீன் ஒரே திட்டில் இரண்டாவது தடவையும் முகம் காட்டினால் எஞ்சினை நிறுத்திவிட்டு எறியத் தொடங்குங்கள்.